ஷெ மொழி: ஏழு லட்சமா, ஆயிரமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சீனாவின் சிறுபான்மை மக்களைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். தமிழில் இதைப் பற்றி யார் எழுதுகிறார்கள்? அதனால்தான் ஷெ மக்களைப் பற்றிய பத்தியில் இருக்கும் பிழையை அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை. ஷெ மொழியை ஏழு லட்சம் பேர் பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஏழு லட்சம் என்பது இனத்தின் கணக்கு. 2010 கணக்கெடுப்பில் ஷெ இனத்தவர் என்று பதிவானவர்கள் 7,08,651 பேர். அவர்களுடைய பழைய தாய்மொழியைப் பேசுகிறவர்கள் சுமார் ஆயிரம் பேர்தான்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஷெ மொழி என்ற ஒரே பெயரில் இரண்டு மொழிகள் இருக்கின்றன. ஃபூஜியான், செஜியாங் மாகாணங்களில்தான் ஷெ மக்களில் பெரும்பாலோர் வாழ்கிறார்கள், அவர்களுக்கென்று 1984ல் அமைந்த ஜிங்நிங் தன்னாட்சி மாவட்டமும் செஜியாங்கில்தான் இருக்கிறது. அங்கே அவர்கள் பேசுவது ஹக்கா என்ற சீன மொழிக்கு நெருக்கமான ஒரு சீன மொழி வகை. அதையும் ஷெ பேச்சு என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் அதற்கும் மோங்-மியென் என்ற மொழிக் குடும்பத்துக்கும் சம்பந்தம் இல்லை. அந்தக் குடும்பத்தின் மோங் கிளையைச் சேர்ந்த உண்மையான ஷெ மொழி இன்று குவாங்டாங் மாகாணத்தில், நான்கு இடங்களில் உள்ள சில மலைக் கிராமங்களில் மட்டும்தான் இருக்கிறது. அதைப் பேசுகிறவர்கள் தங்களை ஹோ நே என்று சொல்லிக்கொள்கிறார்கள், மலை மனிதர்கள் என்று பொருள். ஷெ என்பது காட்டை எரித்துப் பயிர் செய்யும் நிலத்தைக் குறிக்கும் சீனச் சொல், வெளியார் வைத்த பெயர். கட்டுரையில் ஹோ நே என்ற பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

அந்த ஆயிரம் பேரின் பேச்சும் ஒன்றே அல்ல. போலுவோ, செங்செங் பக்கம் பேசுவது லுவோஃபூ என்ற வட்டார வழக்கு. கிழக்கே தள்ளி ஹுயிடோங், ஹைஃபெங் பக்கம் பேசுவது லியான்ஹுவா வழக்கு. இரண்டுமே அங்கங்கே உள்ள மலைகளின் பெயர்கள், லியான்ஹுவா என்றால் தாமரை. இவ்வளவு சின்னக் கூட்டம் இரண்டு மலைப்பக்கங்களில் பிரிந்து கிடக்க, சுற்றிலும் ஹக்கா பேசுகிறவர்கள். ஹோ நே பேசும் கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஹக்காவும் தெரியும், சொற்களும் அங்கிருந்து நிறைய வந்து கலந்திருக்கின்றன. அதனாலேயே இது மோங் கிளையா, மியென் கிளையா என்று ஆய்வாளர்களுக்குள் நீண்ட நாள் விவாதம் நடந்தது. இப்போது பலரும் மோங் கிளையில்தான் வைக்கிறார்கள், குவாங்ஷியில் பேசப்படும் ஜியோங்நாய் மொழிக்கு உறவு என்கிறார்கள். மாவ் ஸோங்வு, மெங் சாவ்ஜி என்ற மொழி ஆய்வாளர்கள் இருவரும் 1986ல் இந்த மொழியின் ஒலி, இலக்கணம், சொற்கள் பற்றித் தனி நூலே வெளியிட்டிருக்கிறார்கள். மொழிக்கென்று சொந்த எழுத்து கிடையாது, அப்படியிருக்க இப்படி ஒரு பதிவு எவ்வளவு பெரிய விஷயம்!

அரசு போட்ட இனப் பட்டியலை மொழிப் பட்டியலாக எடுத்துக்கொண்டால் சீனாவில் எங்கே போனாலும் இந்தச் சிக்கல் வரும். இப்போது சொன்ன ஜியோங்நாய் பேசுகிறவர்கள் பட்டியலில் யாவ் இனத்தவர். குவாங்ஷியில் புனு பேசும் மக்களும் அப்படித்தான்: மொழி மோங் கிளை, பதிவு யாவ் இனம். மியாவ் என்ற ஒரே இனத் தலைப்புக்குள் மேற்கு ஹுனானின் ஷோங், தென்கிழக்கு குய்சோவின் ஹ்மு, இன்னும் மேற்கே மோங் என்று ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாத மொழிகள் இருக்கின்றன. கட்டுரையில் மியாவ் மொழி என்று ஒருமையில் போட்டிருப்பதும் இதே வகைப் பிழைதான்.

சரி, இனி என்ன செய்யலாம்? அடுத்த ஞாயிறு ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். இன எண்ணிக்கையையும் பேசுவோர் எண்ணிக்கையையும் தனித்தனியாகக் கொடுத்து, ஹோ நே என்ற பெயரையும் லுவோஃபூ, லியான்ஹுவா என்ற இரண்டு வழக்குகளையும் சேர்த்துப் போட்டால் நான்கு வரிதான் ஆகும். இணைய பதிப்பிலும் அந்தப் பத்தியை மாற்றிவிடுங்கள், பள்ளிப் பிள்ளைகள் அங்கிருந்துதான் எடுத்து எழுதுகிறார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
திருச்சி