பென்சிலுக்கு முன்னால் மணலும் களிமண்ணும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் பிறந்ததும் எல்.கே.ஜி. பிள்ளையின் பைக்குள் முதலில் போவது நான்கு கோடு நோட்டும் பென்சிலும்தான். மூன்றரை வயதில் 'அ' எழுதவில்லை என்றால் வீட்டில் பள்ளியைக் குறை சொல்கிறார்கள். அதற்குப் பயந்து பள்ளியும் வீட்டுப்பாடம் கொடுக்கிறது. பிள்ளையின் கையை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

மூன்று வயதில் பார்த்து வரைய வருவது வட்டம். கூட்டல் குறி நான்கு வயதை ஒட்டி வரும், சதுரம் அதன்பின், முக்கோணம் ஐந்து வயது வாக்கில். மணிக்கட்டின் எட்டுச் சிற்றெலும்புகளில் பல அந்த வயதில் இன்னும் குருத்தெலும்புதான். சுழியும் வளைவும் நிறைந்த 'இ', 'ண' எழுத்துகளை அந்தக் கையிடம் கேட்டால், பிள்ளை பென்சிலை முஷ்டியாகப் பிடித்துத் தாள் கிழிய அழுத்தும். அந்தப் பிடி பழகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

திண்ணைப் பள்ளியில் மணலில்தானே விரலால் எழுதினார்கள்? விஜயதசமிக்கு இன்றும் அரிசியில்தான் எழுத வைக்கிறோம். கைக்கேற்ற வழி அது.

அங்கன்வாடியோ மழலையர் பள்ளியோ, பிள்ளைகள் மணலில் விளையாட வேப்பமர நிழலில் 6 அடிக்கு 6 அடி, ஓரடி ஆழக் குழி போதும். மணல் 36 கன அடி. அரை யூனிட்டுக்கும் குறைவு (ஒரு யூனிட் 100 கன அடி). குழிக்கு அடியில் நான்கு விரற்கடை ஜல்லி போட்டால் மழைத் தண்ணீர் தேங்காது. பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் வேண்டாம்: முனை கூர்மை, தூசியும் அதிகம். சலித்த ஆற்றுமணலே நல்லது. காலையில் தண்ணீர் தெளித்தால்தான் மணல் பிடிபடும், புழுதியும் கிளம்பாது. சாயங்காலம் தார்ப்பாய் போட்டு மூட மறக்கக் கூடாது. திறந்து கிடந்தால் பூனை அசுத்தம் செய்யும், அதிலிருந்து புழுத்தொற்று வரும். கொட்டாங்குச்சி, சல்லடை, பழைய டம்ளர் கொடுத்தால் போதும். மதுரை வெயிலுக்குப் பத்து மணிக்கு முன்பே இந்த விளையாட்டை முடித்துவிட வேண்டும்.

களிமண்ணுக்கு மதுரை அருகே விளாச்சேரியில் கொலு பொம்மை செய்பவர்களிடம் கேட்கலாம். கண்மாய் மண் என்றால் கண்ணாடிச் சில்லு இருக்கும். கரைத்து வடிகட்டாமல் கொடுக்காதீர்கள். கையில் ஒட்டினால் ஒரு பிடி மணல் சேர்த்துப் பிசையலாம். ஈரச் சாக்கில் சுற்றி வாளியில் வைத்தால் காயாது. பாம்பு உருட்டுவதும், கொழுக்கட்டை பிடிப்பதும், தோசை தட்டுவதும் உள்ளங்கைக்கும் விரலுக்கும் தரும் பலத்தை எந்த நோட்டும் தராது.

பல்லாங்குழியை நான்கு வயதுக்கு மேல், பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஆட விடலாம். ஒவ்வொரு புளியங்கொட்டையாக எடுத்துப் போடும் விரலசைவுதான் பின்னாளில் பென்சில் பிடிக்கும் அசைவு. சிறு பிள்ளைகள் கொட்டையை மூக்கில் நுழைத்துக்கொள்வார்கள், தொண்டையிலும் சிக்கும். மூன்று வயதுக்குள் அதைக் கண்ணில் காட்டவே வேண்டாம்.

அங்கன்வாடிகளை நடத்த 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் சத்துணவோடு முறைசாரா முன்பருவக் கல்வியும் ஒரு சேவை. சோறு போட்டுத் தூங்க வைப்பதோடு அது முடிவதில்லை என்பதை ஊராட்சிகள் உணர்ந்து, மையத்துக்கொரு மணல்குழி அமைத்துத் தர வேண்டும்.

பென்சில் எப்போது கொடுப்பது என்று பெற்றோர் கேட்பார்கள். சட்டைப் பொத்தானைத் தானே போட்டு, களிமண்ணை விரல்நுனியால் மெல்லிய திரியாக உருட்டத் தெரிந்த பிறகு தொடங்கலாம். அப்போதும் முதலில் ஓரங்குல நீளத்துக்கு உடைத்த கிரேயான் துண்டு கொடுங்கள். துண்டு சிறிதாக இருப்பதால் முஷ்டியாகப் பிடிப்பது கடினம், விரல்நுனியால் பிடிக்கவே கை பழகும்.

முன்பருவக் கல்விப் பயிற்றுநர்கள்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.