ஃபோர்க் பற்றி நீ கேட்டதற்கு

ரிச்மண்ட், யார்க்‌ஷயர்
ஐப்பசி, ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான் நலம். அம்மா, அப்பா, நீ எல்லோரும் சுகம்தானே? அம்மாவிடம் சொல், குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் வெளியே போகிறேன். சாயங்காலம் ஐந்தரைக்கே இருட்டிவிடுகிறது, மழை விட்டபாடில்லை.

பழைய புல்லட்டை டிரையல்ஸ் (பாறை, ஓடை வழியே கால் ஊன்றாமல் மெதுவாக ஏறுகிற போட்டி) வண்டியாக மாற்றப் போகிறேன், முன் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கி அமுங்குகிற கால்கள்) எதைப் போடலாம் என்று கேட்டிருந்தாய். கேட்க வேண்டிய ஊரிலிருந்துதான் பதில் வருகிறது. 1914இல் ஆல்ஃபிரட் ஸ்காட் என்ற மோட்டார்சைக்கிள் தயாரிப்பாளர் தன் தொழிலாளர்களுக்காக ஆரம்பித்த ஸ்காட் டிரையல் இன்றும் இந்த மலைப் பக்கத்தில்தான் நடக்கிறது. அது போக, ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஓர் ஆட்டுப் பண்ணையில், ஓடைக்குள்ளும் பாறை மேலும் கயிறு கட்டிச் செக்‌ஷன் போட்டிருப்பார்கள். அந்தத் துண்டுப் பாதையில் கால் ஊன்றாமல், நடக்கிற வேகத்தில் ஏற வேண்டும். ஒரு தடவை கால் ஊன்றினால் ஒரு புள்ளி, இரண்டு தடவைக்கு இரண்டு, அதற்கு மேல் எத்தனை தடவை ஊன்றினாலும் மூன்று, ஏற முடியாமல் நின்றால் ஐந்து. குறைந்த புள்ளி வாங்கியவர் ஜெயித்தவர். குடை கூட இல்லாமல் நாள் முழுக்க மழையில் நின்று புள்ளி குறிக்கிறவர்கள் சம்பளம் வாங்காதவர்கள். எழுபது வயதுக்காரர்கள் ஐம்பதுகளின் வண்டியில் ஏறுவதைப் பார்த்தால் உனக்கு இங்கேயே இருந்துவிடத் தோன்றும்.

இவ்வளவு மெதுவாக ஓட்டுவதால் ஃபோர்க்கிடம் எதிர்பார்ப்பதும் வேறு. ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு ஃபோர்க் விறைப்பாக இருந்தால் நல்லது என்போம். இங்கே ஒரு கைப்பிடி அளவு கல்லில் டயர் பட்டாலும் ஃபோர்க் அமுங்கி அசைய வேண்டும். தொடக்கத்திலேயே பிடித்துக்கொண்டு, பிறகு சட்டென்று விடுபடுகிற ஃபோர்க், சக்கரத்தைக் கல்லிலிருந்து வழுக்கிவிடும். ஆகவே எந்தக் கம்பெனி ஃபோர்க் என்பதைவிட எவ்வளவு வழுக்கலாக ஓடுகிறது என்பதைத்தான் முதலில் பார்.

இங்கே வயல்வெளியில் கூடும் பழைய பாகச் சந்தைகளில் ஃபோர்க்குகள் குவியலாகக் கிடைக்கும். ஆரம்பகால பிஎஸ்ஏ பேண்டம் ஃபோர்க் இலேசு, ஆனால் உள்ளே ஆயில் டேம்பிங்கே (துள்ளலை ஆயிலால் அடக்குவது) கிடையாது, கிரீஸில் ஓடுவது. நார்ட்டனின் ரோடுஹோல்டர் உறுதி, பைப் கிட்டத்தட்ட 34.5 மி.மீ., ஆனால் கனம். 500 சிசி வண்டிக்குப் பொருந்தும். கிரீவ்ஸின் லீடிங் லிங்க் (சக்கரத்தை முன்னோக்கிய சிறு கைகள் தாங்கும் வகை), பிரேக் போட்டால் மூக்குக் குத்தாது. ஆனால் அதன் ரப்பர் புஷ்கள் வயதாகி இறுகியிருந்தால், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதே. ஸ்பெயின் நாட்டு பெட்டார் 35 மி.மீ. ஃபோர்க்தான் கையில் எடுத்ததும் மனதுக்குப் பிடிக்கும். புல்டாக்கோ, ஓசா என்ற ஸ்பெயின் வண்டிகளில் வந்தது அதுதான்.

ஆனால் 1965க்கு முந்தைய வண்டிகளுக்கான போட்டியில் அதை அப்படியே போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஏரியல் என்ற பிரிட்டிஷ் வண்டியில் ஜெயித்துக்கொண்டிருந்த சாமி மில்லர் 1964 கடைசியில் புல்டாக்கோவுக்கு மாறி, அடுத்த வருஷமே ஸ்காட்டிஷ் ஆறு நாள் போட்டியை அதில் ஜெயித்தார். கனமான பிரிட்டிஷ் வண்டிகளின் காலம் அதோடு முடிந்தது. கோடு அங்கேதான் போட்டிருக்கிறார்கள். பல போட்டிகளில் வெளியே பழைய பிரிட்டிஷ் பாட்டம் (பைப்பின் மேல் வழுக்கும் கீழ்க் குழாய்), உள்ளே புதிய வேலை என்றால் விடுகிறார்கள். போட்டிக்குப் போட்டி விதி மாறும், பதியுமுன் படித்துவிட வேண்டும்.

உன் புல்லட்டுக்கு வருகிறேன். அதன் பைப் மேல்முனை, ஹெட்லைட்டைத் தாங்கும் அலுமினிய வார்ப்பில் மரை போட்டு ஏறியிருக்கும். அதனால் பைப்பை மேலே தூக்கி முன்பக்கத்தை இறக்க வழியில்லை. டிரையல்ஸுக்கு அந்த வார்ப்பைக் கழற்றிவிட்டு, மேலும் கீழும் கிளாம்ப் போடுகிற டி (இரண்டு பைப்பையும் ஹேண்டில் தண்டோடு சேர்க்கும் கட்டை) இரண்டு செய்துகொள். 6082-டி6 என்ற ரக அலுமினியக் கட்டியில் கடைந்தெடு. வார்ப்பு வேண்டாம், பாறையில் விழுந்தால் விரிசல் விடும். துளையைப் பைப்புக்குச் சரியாக ஹோன் செய் (உட்புறத்தைத் தேய்த்து அளவாக்கு). துளை பெரிதாகி, போல்டை இறுக்கிச் சரிக்கட்டினால் பைப் முட்டை வடிவாகிவிடும். இரண்டு பக்கமும் ஹேண்டில் நன்றாகத் திரும்ப வேண்டும். பைப் டேங்க்கில் இடிக்கிறதா என்று டி செய்யுமுன் அட்டையில் வெட்டிப் பார்த்துவிடு.

டியின் ஆஃப்செட்டில்தான் (ஹேண்டில் தண்டின் மையத்துக்கு முன்னால் பைப்புகள் தள்ளி நிற்கும் தூரம்) எல்லோரும் தப்புச் செய்கிறார்கள். 21 இஞ்ச் சக்கரம், தரையிலிருந்து அச்சு 345 மி.மீ. என்று வை. தலைக் கோணம் (ஹேண்டில் தண்டு செங்குத்திலிருந்து பின்னால் சாய்கிற அளவு) 27 டிகிரி, ஆஃப்செட் 60 மி.மீ. என்றால் டிரெயில் (தண்டின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும், அதற்குப் பின்னால் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) 108 மி.மீ. ஆஃப்செட்டை 70 ஆக்கினால் டிரெயில் 97க்கு இறங்கும். ஆஃப்செட்டைக் கூட்டினால் டிரெயில் குறையும், இதைத் தலைகீழாக நினைத்துத்தான் பலர் டியை வீணாக்குகிறார்கள். ஆஃப்செட் 60லேயே இருக்க, கோணத்தை 25 ஆக்கினால் 95 வரும். 1320 மி.மீ. வீல்பேஸில் பைப்பை டிக்கு மேலே 25 மி.மீ. தூக்கினால் ஏறக்குறைய ஒரு டிகிரி நிமிரும். முதலில் இதைச் செய்து ஓட்டிப் பார், ஃபிரேமை வெட்டுவது அப்புறம்.

பைப்பை வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜில் சுற்று. முள் 0.1 மி.மீ.க்குள் ஆடினால் போடு. 0.2 தாண்டினால் நிமிர்த்து, இல்லை மாற்று. புஷ்ஷுக்கும் பைப்புக்கும் 0.05 முதல் 0.1 வரை இடைவெளி போதும். சீலும் ஸ்பிரிங்கும் இல்லாமல், ஆயில் தடவிய பைப்பைச் செங்குத்தாகப் பிடித்துப் பாட்டத்தை விடு. தன் கனத்தில் வழுக்கி இறங்க வேண்டும். நடுவில் நின்றால், நின்ற இடத்தில் பென்சிலால் குறி போட்டுப் பாட்டத்தைக் கால் சுற்றுத் திருப்பி மறுபடி விடு. பைப்பில் அதே இடத்தில் நின்றால் பைப் பெண்டு, இடம் மாறினால் புஷ் கோணல்.

ஸ்பிரிங்குக்குக் கணக்குப் போடு, கண்ணால் தேர்ந்தெடுக்காதே. முன்சக்கரத்தடியில் எடை மெஷின் வைத்து, பின்சக்கரத்தையும் அதே உயரத்துக்குத் தூக்கி, ஃபுட்ரெஸ்ட்டில் நின்று எடை பார். 85 கிலோ வந்தால், சக்கரம், பாட்டம், பிரேக் எல்லாவற்றுக்கும் 15 கிலோ கழி. மீதி 70, ஒரு காலுக்கு 35. மி.மீ.க்கு 0.4 கிலோ ஸ்பிரிங் என்றால் மொத்தம் 88 மி.மீ. அமுங்கும். 160 மி.மீ. ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 50 மி.மீ., உட்கார வேண்டும்; மீதி 38 மி.மீ. முன்அழுத்தமாக, மேல் மூடியின் கீழே குழாய்த் துண்டு வைத்துக் கொடு. ஸ்பிரிங்கை வெட்டினால் மிருதுவாகும் என்று நம் பட்டறையில் சொல்வார்கள். உண்மையில் விறைக்கும்: 60 சுற்றில் 10 வெட்டினால் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும்.

ஆயில் இங்கே குளிருக்கு 7.5 (ஆயிலின் கெட்டித்தன்மை எண்) போடுகிறார்கள். நம் ஊர் வெயிலில் அது தண்ணீராகிவிடும், 15இல் ஆரம்பி. அடுத்தடுத்த இரண்டு படிகளில் ஏறும்போது ஃபோர்க் திரும்பி நீளாமல் அமுங்கியே நின்றால் ஆயில் கெட்டி. கல்லைத் தாண்டியதும் ஹேண்டில் துள்ளினால் மெலிவு. ஆயிலை மாற்றிப் பார்த்தும் ஃபோர்க் அமுங்க மறுத்தால் மட்டும் டேம்பர் ராடின் (ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் உள்குழாய்) கீழ்த் துளையைத் தொடு. 5 மி.மீ. துளையை 6 ஆக்கினாலே பரப்பு 44 சதவீதம் கூடும், ஆகையால் அரை அரை மி.மீ.யாகப் போ. கடைசியில் அடி தட்டுகிறது என்றால் காலுக்கு 10 சிசி ஆயில் ஏற்று. 30 மி.மீ. உள்விட்டத்தில் மட்டம் 14 மி.மீ. உயரும், காற்று இறுகிக் கடைசி ஓட்டத்தைத் தாங்கும்.

பூட்டும்போது ஸ்பிரிங் போடுமுன் சக்கரத்தை மாட்டு. அச்சு நட்டை இறுக்கி, ஒரு பக்கப் பாட்டத்தின் பிடிப்பைத் தளர்வாக விட்டு, சக்கரத்தைக் கையால் பத்துத் தடவை மேலும் கீழும் ஓட்டு. பாட்டம் தானே தன் இடத்தைப் பிடித்ததும் இறுக்கு. மட்கார்டு பிரிட்ஜை (மட்கார்டைத் தாங்கி இரண்டு பாட்டத்தையும் இணைக்கும் வளைவு) கடைசியாக மாட்டு. துளை பொருந்தாமல் இழுத்து மாட்டினால் இரண்டு காலும் உள்ளே வளைந்து, நீ செய்த வேலை முழுக்கப் பாழ். ஹேண்டில் தண்டின் கோன் செட்டுக்கு (குண்டு பேரிங்) பதில் டேப்பர் ரோலர் போட்டால் இறுக்கம் கொஞ்சம் கூடினாலும் மெதுவான வேகத்தில் வண்டி பாம்பு மாதிரி நெளியும். சக்கரம் தூக்கிய நிலையில் ஹேண்டில் தன்னால் விழ வேண்டும்.

பழைய பிரிட்டிஷ் சைக்கிள் மரை அங்குலத்துக்கு 26. எட்டு மி.மீ. போல்ட் கைக்கு ஏறுகிற மாதிரி இருக்கும், அது 20தான். ஸ்பேனரால் அழுத்திவிடாதே.

அடுத்த கடிதத்தில் மூன்று அளவு எழுது: பைப்பின் வெளிவிட்டம், இரண்டு பைப்புக்கும் இடையே மையத்திலிருந்து மையம், நீ நின்றபோது முன்சக்கர எடை. பைப் நீளத்தையும் புஷ்ஷையும் இங்கேயே பார்த்து வைக்கிறேன். அப்பாவிடம் வெர்னியர் கேள், பட்டறை வெர்னியர் தேய்ந்துவிட்டது.

அன்புடன்,
அண்ணன்