பனியில் பிறந்த சைக்கிள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பருத்த டயர் சைக்கிளை வெறும் பகட்டுப் பொருளாகக் காட்டிய தங்கள் கட்டுரை, அது பிறந்த கதையை விட்டுவிட்டது எனக்கு வருத்தமளித்தது. 1980களின் இறுதியில், அலாஸ்காவின் நெடும் பனிப்பாதைகளில் சாதாரணச் சக்கரங்கள் புதைந்துபோனதால், அங்குள்ளவர்கள் இரண்டு ரிம்களைச் சேர்த்துப் பற்றவைத்தும், இரண்டு டயர்களை வெட்டித் தைத்தும், தங்கள் கையாலேயே அகலச் சக்கரங்களைச் செய்துகொண்டார்கள். பிறகு அதே அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரைச் சேர்ந்த சைமன் ரேக்கோவர் 44 மி.மீ. அகல ரிம்மை உருவாக்கினார்.

2005இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துச் சர்லி நிறுவனம் கொண்டுவந்த பக்ஸ்லி என்ற பருத்த டயர் சைக்கிளின் வடிவமைப்பு என்னை இன்றும் வியக்கவைக்கிறது. 3.7 அங்குல டயரில் செயின் உரசாதிருக்க, பின்சட்டத்தையே 17.5 மி.மீ. வலப்புறம் தள்ளி அமைத்தார்கள். முன்னும் பின்னும் ஒரே அளவு ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) என்பதால், கடுங்குளிரில் பின் ஹப் உறைந்து பெடல் வெறுமனே சுற்றினால், முன்சக்கரத்திலேயே ஒரு பல்சக்கரத்தைப் பூட்டி வைத்திருப்பவர் அந்த முன்சக்கரத்தைப் பின்னால் மாற்றிப் போட்டு ஊர் வந்து சேரலாம். கட்டைவிரலால் அழுத்தினால் குழியும் அளவுக்குக் காற்றைக் குறைப்பதும் டயர் பரந்து பனியின்மேல் மிதப்பதற்காகத்தான். இவற்றையும் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்