பன்றி அம்மையைக் காய்ச்சல் என்று சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செக்கானூரணிப் பக்கம் ஒரு கிராமத்தில் நான்கு தாய்ப்பன்றிகள் வைத்திருக்கிறேன். எல்லாம் வெண்பன்றி. என் வீட்டுக்காரர் விடியும் முன்னே டிவிஎஸ் எக்ஸ்எல்லில் இரண்டு பக்கமும் டிரம் கட்டிக்கொண்டு மதுரைக்குப் போய் ஓட்டல்களில் மிச்சச் சோறு எடுத்து வருவார். அதைக் கொதிக்கவைத்துப் போடுவது, கொட்டிலைக் கழுவுவது, குட்டி ஈனும் ராத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எல்லாம் நான். பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு. பெரிய மகளின் நர்சிங் படிப்பும் இதில்தான் ஓடுகிறது.

போன ஐப்பசி மழையில் எங்கள் பன்றிகளுக்கு அம்மை போட்டது. அதனால் எங்கள் ஊரில் நடந்ததைப் பத்திரிகையில் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியதால் இந்தக் கடிதம்.

எங்களிடம் ஆண் பன்றி கிடையாது. தாய்ப்பன்றி பருவத்துக்கு வந்தால் பக்கத்து ஊரிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து இரண்டு நாள் விட்டுவைப்போம். கூலி ஒரு குட்டி. அந்த முறை வந்த ஆண் பன்றி சுவரில் உரசிக்கொண்டே நின்றது. காதுக்குப் பின்னால் பேன் ஊர்ந்ததை நானே பார்த்தேன். பன்றிப் பேன் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், அரை சென்டிமீட்டர் இருக்கும். மழை நேரம், எல்லாப் பன்றிக்கும் இருப்பதுதானே என்று விட்டுவிட்டேன். அது என் தவறு.

பத்து நாள் கழித்து ஒரு தாய்ப்பன்றியின் அடிவயிற்றிலும் தொடையின் உள்பக்கத்திலும் சிவப்புப் பொட்டு பொட்டாக வந்தது. இரண்டு மூன்று நாளில் அது பட்டாணி அளவுக்குத் தடித்தது, நடுவில் சீழ் வைத்தது, அப்புறம் கருத்துப் பொருக்குத் தட்டியது. அதற்குள் பக்கத்து அறையில் ஈன்று பத்து நாளே ஆன ஒன்பது குட்டிகளுக்கும் பரவிவிட்டது. பெரிய பன்றிக்கு வயிற்றோடு நின்றது, குட்டிகளுக்கு முகம், காது, முதுகு என்று உடம்பு முழுக்க. வாயோரம் புண்ணான இரண்டு குட்டிகள் காம்பைப் பிடிக்கவே கஷ்டப்பட்டன.

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன். தெருவில் ஒருவர் பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றச் சொன்னார். நல்லவேளை, செய்யவில்லை. வெந்த புண்ணில் அதை ஊற்றினால் குட்டியின் தோல் என்ன ஆகும்!

மூன்றாம் நாள் வழக்கமாக வரும் வியாபாரி எட்டிப் பார்த்தார். "யக்கா, இது காய்ச்சல்க்கா. ரெண்டு நாள்ல எல்லாம் சரிஞ்சுரும். வந்த விலைக்குத் தள்ளிவிட்ருங்க" என்றார். பால் மறந்த குட்டி 4,000 ரூபாய்க்குப் போகும் நேரம். அவர் 1,500க்குக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. ஆனால் அடுத்த தெருவில் கணவர் இல்லாமல் தனியாகப் பன்றி வளர்க்கும் என் சொந்தக்காரப் பெண் பயந்துபோய், பொருக்கோடு இருந்த ஏழு குட்டிகளையும் அன்று மாலையே கொடுத்துவிட்டாள். அவற்றை ஏற்றிக்கொண்டு லோடு ஆட்டோ மேற்கே போனது. அந்தக் குட்டிகளோடு பேனும் போயிற்று, நோயும் போயிற்று.

நான் முதலில் போன் செய்த கால்நடை மருந்தகத்தில் பன்றிக்கெல்லாம் வர ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வேறொரு இடத்திலிருந்து ஓர் இளம் பெண் டாக்டர் வந்தார். மூக்கைப் பொத்தாமல், சாணியில் மண்டியிட்டு, செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு குட்டியாகப் பார்த்தார். எங்கள் கொட்டிலுக்குள் படித்தவர் ஒருவர் அப்படி வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

தாய்ப்பன்றிக்கு வெப்பம் பார்த்தார், 103.6. பன்றிக்கு இயல்பாகவே 102 டிகிரி சொச்சம் இருக்குமாம், அதனால் இது பெரிய காய்ச்சல் இல்லை. தீவனம் எடுக்கிறதா என்று கேட்டார், எடுத்தது. காதும் வயிறும் நீலம் பாரித்திருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. மூக்கு நுனியிலும் குளம்பு ஓரத்திலும் கொப்புளம் தேடினார். அது இருந்தால் கோமாரி என்று சந்தேகப்பட வேண்டும். காதுக்குள் தடித்த செதிலும் நிற்காத அரிப்பும் இருந்தால் சொறி. பேனை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "அம்மா, இதுதான் உங்கள் விரோதி" என்றார்.

அவர் சொல்லித்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. பன்றி அம்மை ஒரு வைரஸ் நோய். அது பன்றியைத் தவிர வேறு எதற்கும் வராது. மாட்டுக்கும் வராது, மனிதருக்கும் வராது. பேன்தான் முக்கியமாக அதைச் சுமக்கிறது, ஈயும் கொசுவும் கூடத் துணை. பேன் கடிக்கிற இடத்தில், சண்டை போட்டுக் கீறிய இடத்தில் வைரஸ் உள்ளே ஏறுகிறது. வளர்ந்த பன்றிக்கு மூன்று நான்கு வாரத்தில் பொருக்கு உதிர்ந்து தானே ஆறிவிடும். வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. புண்ணில் வேறு கிருமி ஏறாமல் பார்ப்பதும் பேனை ஒழிப்பதும்தான் வைத்தியம். ஆபத்து பால்குடிக் குட்டிகளுக்குத்தான். எனக்கு மூன்று குட்டிகள் போயின. மூன்றும் பால் குடிக்க முடியாமலும், புண் சீழ் பிடித்துமே போயின. பேன் ஊசியை ஒரு தடவை போட்டால் போதாது. மயிரில் ஒட்டியிருக்கும் முட்டை சாகாது, பொரிந்து வரும். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் போட வேண்டும். ஊசி போட்ட பன்றியை 4 வாரத்துக்குக் கறிக்கு விற்கக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். உதிர்ந்த பொருக்கில் வைரஸ் பல மாதம் உயிரோடு இருக்குமாம். அதனால் கூட்டி அள்ளி எரித்தேன், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன்.

இவ்வளவு எளிய நோய்க்கு ஏன் ஊரே நடுங்கியது? பெயர்தான் காரணம் என்று நினைக்கிறேன். இதை உங்களிடம் சொல்லவே எழுத உட்கார்ந்தேன்.

2009இல் மனிதர்களுக்கு ஒரு புளூ காய்ச்சல் வந்தது. அதற்குப் பத்திரிகைகள் 'பன்றிக் காய்ச்சல்' என்று பெயர் போட்டன. அது மனிதரிடமிருந்து மனிதருக்கு இருமலிலும் தும்மலிலும் பரவுவது. பன்றிக்கு மட்டுமே வருகிற, தடுப்பூசி உள்ள பழைய நோய் ஒன்று இருக்கிறது, அதையும் பன்றிக் காய்ச்சல் என்றுதான் சொல்கிறோம். மூன்றாவது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். 2020இல் அசாமில் தொடங்கி, 2022இல் வயநாட்டுக்கு வந்து, 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகளைக் கொன்றது அதுதான். அது வந்தால் பன்றி பிழைப்பது அபூர்வம். ஆனால் மனிதருக்கு ஒன்றும் செய்யாது. மூன்றும் வேறு வேறு வைரஸ். மூன்றையும் ஒரே பெயரில் வாசிக்கிற மக்களுக்கு என்ன புரியும்? பன்றியின் தோலில் ஒரு பொட்டு தெரிந்தால் போதும், காய்ச்சல் என்கிறார்கள்.

எங்கள் தெருவில் அதே வாரம் ஒரு பையனுக்குச் சின்னம்மை வந்தது. "உன் பன்னிக்கிட்ட இருந்துதான் ஆத்தா புள்ளைக்கு வந்துருச்சு" என்று வாசலில் வந்து சொன்னார்கள். என் சின்ன மகளோடு யாரும் சேர்ந்து உட்காரவில்லை. சின்னம்மையை உண்டாக்கும் வைரஸ் இந்த அம்மைக் குடும்பமே இல்லை. நாம்தான் தமிழில் எல்லாவற்றையும் அம்மை என்று ஒரே சொல்லில் சொல்கிறோம். அதை நான் வாசலில் நின்று எத்தனை பேருக்கு விளக்க முடியும்? நீங்கள் எழுதினால் ஆயிரம் பேர் படிப்பார்கள்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, பன்றிகளுக்கு ஏதாவது வந்த செய்தி போடும்போது எந்த நோய் என்று உறுதியான பிறகு அதன் முழுப் பெயரோடு போடுங்கள். 'மர்ம நோய்' என்று போட வேண்டாம். மனிதருக்கு வருமா வராதா என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். இப்படித் தெளிவாக எழுதி வந்திருந்தால் என் சொந்தக்காரப் பெண்ணின் குட்டிகள் வண்டி ஏறியிருக்காது.

பன்றி வளர்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். தோலில் புண் என்றால் எல்லாமே அம்மை என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். கடும் காய்ச்சல், தீவனம் எடுக்காமை, தோல் நீலம் பாய்வது, அடுத்தடுத்துச் சாவு என்று இருந்தால் ஒன்றையும் விற்காமல், ஓடையில் வீசாமல், உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். கால்நடை உதவி எண் 1962க்குப் போன் அடித்தாலும் கேட்பார்கள். தோலில் சாய்சதுரமாகத் தடித்தால் அது பாக்டீரியா. பென்சிலினுக்குக் கேட்கும், ஆனால் நம் கையில் காயம் இருந்தால் நமக்கும் தொற்றும். அதனால் பார்க்கத் தெரிந்தவர் வந்து பார்த்தே ஆக வேண்டும்.

அப்படி ஒருவர் வருவதற்கு அரசு வழி செய்ய வேண்டும். மாடுகளுக்குத் தோல் கழலை நோய் வந்தபோது ஊர் ஊராக முகாம் போட்டு ஊசி போட்டார்கள். நல்ல காரியம். அதுவும் இதே அம்மை வைரஸ் குடும்பம்தான். அது மாதிரி முகாமில் ஒரு மணி நேரம் எங்கள் கொட்டில்களுக்கும் ஒதுக்குங்கள் என்றுதான் கேட்கிறேன். பேன் ஊசியும், சந்தேகம் வந்தால் பொருக்கை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிற ஏற்பாடும் இருந்தால் போதும். பன்றி வளர்ப்பவர்கள் கூப்பிடக் கூச்சப்பட்டே நோயை மறைக்கிறார்கள். கூப்பிட்டும் வராவிட்டால் அவர்களுக்கு வியாபாரியைத் தவிர யார் இருக்கிறார்கள்?

மிச்சமிருந்த ஆறு குட்டிகளும் தேறிவிட்டன. தழும்பு கூட லேசாகத்தான் தெரிகிறது. ஒரு தடவை வந்து ஆறிய பன்றிக்கு இது லேசில் திரும்ப வராதாம். இந்த மாதக் கடைசியில் இரண்டு தாய்ப்பன்றிகள் மறுபடி பருவத்துக்கு வரும். ஆண் பன்றிக்காரரிடம் இப்போதே சொல்லிவிட்டேன், இரண்டு ஊசியும் போட்டு முடித்தால்தான் கொட்டிலுக்குள் விடுவேன் என்று. அவர் முதலில் கோபித்துக்கொண்டார். ஊசிச் செலவில் பாதி நான் தருகிறேன் என்றதும் சரி என்றார். முதல் ஊசி ஞாயிற்றுக்கிழமை போட்டாயிற்று.

இப்படிக்கு,
வெண்பன்றி வளர்க்கும் ஒரு பெண்,
செக்கானூரணி வட்டாரம், மதுரை மாவட்டம்.