கட்சி கார்டு இருக்கு, வேட்பாளர தேர்ந்தெடுக்க ஓட்டு எங்க?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

அமெரிக்க தேர்தல்னா நம்ம பேப்பர்ல நவம்பர் மாச சண்டைய பத்தித்தான் பக்கம் பக்கமா வருது, அதுக்கு முன்ன கட்சிக்குள்ள நடக்கிற ஓட்டெடுப்ப பத்தி விவரமா வாறதே இல்ல, எனக்கு அதுதான் பெரிய விசயமா படுது.

எனக்க சித்தி மவ பென்சில்வேனியாவுல இருக்கா, குடியுரிமையும் வாங்கியாச்சு. போன தடவ மார்த்தாண்டம் வந்தப்ப சொன்னா, வாக்காளர் பதிவு ஃபாரத்துலயே எந்த கட்சின்னு டிக் அடிச்சா போதுமாம், சந்தா கிடையாது, யாரு சிபாரிசும் வேண்டாம், அந்த கட்சி வேட்பாளர் யாருன்னு முடிவு பண்ற பிரைமரி தேர்தல்ல அவளுக்கும் ஒரு ஓட்டு. அவ போனதும் நான் டிராயர்ல ரேஷன் கார்டுக்கு அடியில கெடந்த எனக்க கட்சி கார்ட எடுத்துப் பாத்தேன். இருவது வருசமா புதுப்பிச்சிட்டு வாறேன், கொடி கட்டியிருக்கேன், மழையில நனைஞ்சு ஸ்லிப் குடுத்திருக்கேன், ஆனா எங்க தொகுதியில யாரு நிக்கான்னு ஒவ்வொரு தடவையும் டிவி பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அங்கயும் இது சும்மா வரல. 1968-ல சிகாகோ மாநாட்டுல, ஒரு பிரைமரியில கூட நிக்காத அப்போதைய துணை ஜனாதிபதி ஹம்ப்ரிய ஜனநாயகக் கட்சி தலைவர்மாரு வேட்பாளர் ஆக்கினாங்க, வெளிய ரோட்டுல போலீஸ் அடி, உள்ள ஒரே கூச்சல், கடைசில குடியரசுக் கட்சி வேட்பாளர் நிக்சன்கிட்ட தோல்வி. அதுக்கப்புறந்தான் விதிய மாத்தி 1972-ல இருந்து மக்கள் ஓட்டுக்கு வழி விட்டாங்க. 2014-ல பாருங்க, பிரதிநிதிகள் சபையில குடியரசுக் கட்சியோட ரெண்டாவது பெரிய தலைவரா இருந்த எரிக் கேண்டர், வர்ஜீனியாவுல சொந்த கட்சி பிரைமரியிலயே டேவ் பிராட்ங்கற காலேஜ் புரொபசர்கிட்ட தோத்துட்டார்.

குறை இல்லாம இல்ல, பிரைமரிக்கு வந்து ஓட்டு போடுறவங்க கம்மி, அதனால ஆவேசமா பேசுறவன் கை ஓங்கிருது, பணமும் நல்லா விளையாடுது. இருந்தாலும் நமக்கு இது ரொம்பவே தேவைன்னு சொல்லுவேன், ஏன்னா 1985 கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்கு அப்புறம் சட்டசபையில எப்படி ஓட்டு போடணும்னு கட்சி கொறடா சொன்னத மீறி ஓட்டு போட்டா எம்எல்ஏ பதவியே போயிரும், ஜெயிச்ச பொறவு அவர் கட்சி சொல்றத கேட்டுத்தான் ஆகணும், அப்ப நிக்கிறது யாருங்கறதுலயாவது தொண்டனுக்கு ஒரு ஓட்டு வேண்டாமா?

அடுத்த தேர்தலுக்கு முன்ன நம்ம மாவட்டத்து ஆறு தொகுதிக்கும் உறுப்பினர்கிட்ட ஓட்டெடுப்பு வைப்பீங்களான்னு எல்லா கட்சி மாவட்ட தலைவர்மார்கிட்டயும் உங்க நிருபர் கேக்கணும், அவங்க சொல்ற பதில அப்படியே பேப்பர்ல போடணும்.

இப்படிக்கு,
மார்த்தாண்டம் வாசகர்