ஒரு புட்டி நீரைக் கொண்டு கடலை மதிப்பிட முடியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சென்ற வெளியீட்டில், கரையோர நீரின் தரத்தையும் அதை நம்பி வாழும் உயிரினங்களின் நலத்தையும் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஆய்வக அறிக்கைகளுக்குள் அடைபட்டுக் கிடக்கும் ஒரு துறையைப் பொது வாசகரிடம் கொண்டுவந்த கட்டுரையாளரின் உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆயினும், ஒரே நாளில் கரையோரத்தில் எடுக்கப்பட்ட நீர் மாதிரிகளின் முடிவுகளையெல்லாம் ஒற்றை மதிப்பெண்ணாகத் திரட்டி, அந்த மதிப்பெண்ணை வைத்தே அக்கடற்பகுதி நலமாக இருப்பதாகத் தீர்ப்பளித்திருப்பதை, நீர்ப் பகுப்பாய்வில் பல ஆண்டுகள் கழித்த என்னால் ஏற்க இயலவில்லை.

கட்டுரை பெரிதும் நம்பியிருப்பது கரைந்த ஆக்சிஜனின் அளவை. ஆக்சிஜன் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு நீர் நல்லது என்பது அதன் அடிப்படை. மலையாற்றுக்கு இது ஓரளவு பொருந்தலாம். வெப்பமான கடல்நீருக்குப் பொருந்தாது. 30 பாகை செல்சியஸ் வெப்பமும் இயல்பான உப்புத்தன்மையும் கொண்ட கடல்நீர், காற்றோடு சமநிலையில் இருக்கும்போது லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குச் சற்றே மிகுதியான ஆக்சிஜனைத்தான் தன்னுள் வைத்திருக்கும். அத்தகைய நீரில் கருவி 8 மில்லிகிராம் காட்டினால், அந்த மிகுதி பெரும்பாலும் வெயிலில் ஒளிச்சேர்க்கை செய்துகொண்டிருக்கும் பாசிகளிலிருந்து வந்தது. அதாவது, கட்டுரையின் அளவுகோலில் முழு மதிப்பெண் பெறும் அந்த எண், நைட்ரஜனும் பாஸ்பரஸும் அளவுக்கு மீறிச் சேர்ந்து பாசி பெருகிவிட்டதற்கான முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். சூரியன் மறைந்ததும் ஒளிச்சேர்க்கை நின்றுவிடும். சுவாசம் மட்டும் நிற்காது. இரவு முழுவதும் பாசியும் நுண்ணுயிரிகளும் மீன்களும் ஒரே கையிருப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்க, விடியலுக்குச் சற்று முன்பு ஆக்சிஜன் அடிமட்டத்தைத் தொடும். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால், விலகிச் செல்லக்கூடியவை விலகிவிடும். சேற்றில் புதைந்து வாழ்பவற்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்தவன் அல்லன். எங்கள் ஆய்வகத்துக்கு மாதிரிகள் எப்போதும் முற்பகலில் எடுக்கப்பட்டே வரும். வண்டி கிளம்பும் நேரம் அதுதான் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. ஒருமுறை மட்டும், ஒரு காயலில் ஒரு முழு நாளுக்கு மணிக்கொரு முறை அளக்க வாய்ப்புக் கிடைத்தது. நண்பகலில் ஆக்சிஜன் நிறைவளவைத் தாண்டி நின்ற அதே இடத்தில், பின்னிரவில் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அதுவரை நாங்கள் அனுப்பியிருந்த அறிக்கைகளில் பிழையான எண் ஒன்றுகூட இல்லை. ஆனால் அவை அந்தக் காயலைப் பற்றி எதையும் சொல்லியிருக்கவில்லை.

நேரத்தைப் போலவே ஆழமும் முக்கியம். ஆற்று நீர் கடலில் கலக்கும் இடங்களில் எடை குறைந்த நன்னீர் மேலேயும் உவர்நீர் கீழேயும் அடுக்காக நிற்கும். மேலடுக்கில் பெருகி மடிந்த பாசி கீழே இறங்கி மட்கும்போது, அங்குள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகும். மேலிருந்து புது ஆக்சிஜன் இறங்க இந்த அடுக்கு விடாது. மிசிசிப்பி ஆறு கலக்கும் மெக்சிகோ வளைகுடாவில் உருவாகும் உயிரற்ற மண்டலத்தைக் கடல் ஆய்வாளர் நான்சி ரபலை உள்ளிட்டோர் 1985 முதல் பெரும்பாலான கோடைகளில் கப்பலில் சென்று அடிமட்டம் வரை அளந்துவருகிறார்கள். 2017-இல் அது ஏறத்தாழ 22,700 சதுர கிலோமீட்டர் பரவியிருந்தது. அதன் மேல் மிதக்கும் படகிலிருந்து குனிந்து ஒரு வாளி நீரை மொண்டு சோதித்தால், குறை சொல்ல எதுவும் இருக்காது.

குளிக்கத் தகுந்த நீரா என்பதை முடிவு செய்யும் நுண்ணுயிரிச் சோதனையைப் பற்றிக் கட்டுரை ஒரு பத்தி எழுதியிருக்கிறது. அதிலும் இதே சிக்கல்தான். கடல்நீரில் மலக்கலப்பைக் காட்டும் என்டரோகாக்கஸ் நுண்ணுயிரிகள் வெயிலில் விரைவாக மடியும்; ஆகவே காலையில் எடுத்த மாதிரியும் பிற்பகலில் எடுத்ததும் ஒரே கரையைப் பற்றி இருவேறு கதைகளைச் சொல்லும். மழைக்கு மறுநாள் எண்ணிக்கை தாவும். கடலின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலும் மாறும். நுண்ணுயிரிகளை வளர்த்து எண்ணும் வழக்கமான முறையில் முடிவு தெரிய ஏறத்தாழ ஒரு நாள் ஆகும் என்பதால், அறிவிப்புப் பலகையில் எழுதப்படுவது எப்போதும் நேற்றைய நீரைப் பற்றியது. இதையெல்லாம் கருதித்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு நெறிமுறை, ஒரு மாதிரியைக் கொண்டு ஒரு கடற்கரையைத் தரம் பிரிப்பதில்லை. நான்கு குளியல் பருவங்களின் முடிவுகளைச் சேர்த்து வைத்துக் கணக்கிடுகிறது.

மணலைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லாததுதான் எனக்கு மிகுந்த வியப்பளித்தது. பாஸ்பரஸும் கன உலோகங்களும் பெருமளவில் நுண் வண்டல் துகள்களில் ஒட்டிக்கொண்டுதான் பயணம் செய்கின்றன. புயலில் அடிமண் கலங்கினால், பல ஆண்டுகளுக்கு முன்பு படிந்தவை மீண்டும் நீருக்குள் வரும். எனவே மணலும் சேறும் எங்கிருந்து வந்து எங்கே போகின்றன என்று தெரியாமல் நீரின் தரத்தைப் பேசுவது பாதிக் கணக்குத்தான். அந்தக் கணக்கும் ஒரு நாளில் போடக்கூடியதன்று. அலைகள் கரையைச் சாய்வாக வந்து மோதுவதால் மணல் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதன் குறுக்கே கல் கொட்டித் தூண்டில் வளைவு கட்டினால், மணல் வரும் பக்கம் கரை வளரும், மறுபக்கம் கடல் அரிக்கும். இது எல்லாரும் அறிந்ததே. ஆனால் எவ்வளவு மணல், எந்தப் பருவத்தில், எத்திசையில் என்ற கேள்விகளுக்கு விடை வேண்டுமானால், ஒரே இடத்தை விடாமல் அளந்தவர்களிடம்தான் போயாக வேண்டும். சிட்னிக்கு வடக்கே உள்ள நாரபீன் கடற்கரையின் குறுக்குவெட்டு 1976 முதல் தொடர்ந்து அளக்கப்பட்டுவருகிறது. பெரும்புயல் சில நாட்களில் அள்ளிச் சென்ற மணலை அமைதியான அலைகள் சிறுகச் சிறுகத் திருப்பிக் கொண்டுவருவதை அந்தப் பதிவில் காணலாம். புயலுக்கு மறுவாரம் மட்டும் அளந்தவர் கரை அழிகிறது என்பார். அமைதியான பருவத்தில் மட்டும் அளந்தவர் கரை வளர்கிறது என்பார். நெதர்லாந்தில் 1965 முதல் ஆண்டுதோறும் கடற்கரையை அளந்துவருகிறார்கள். 2011-இல் 2 கோடி கன மீட்டருக்கும் அதிகமான மணலை ஒரே இடத்தில் கொட்டி, அதைப் பரப்பும் வேலையை அலைக்கும் காற்றுக்கும் விட்டுவிடும் துணிவு அவர்களுக்கு வந்ததற்குப் பின்னால் அத்தனை ஆண்டுப் பதிவேடுகள் இருந்தன.

உயிரினங்களின் நலம் என்ற சொல்லைக் கட்டுரை தலைப்பிலேயே வைத்திருக்கிறது. ஆனால் ஓர் உயிரினத்தைக்கூட எண்ணிப் பார்க்கவில்லை. வேதியியல் அளவுகள் சரியாக இருந்தால் உயிர்களும் நலமாகவே இருக்கும் என்ற எடுகோளை டிரைபியூட்டைல் டின் என்ற சேர்மம் முன்பே உடைத்துவிட்டது. கப்பல்களின் அடிப்பகுதியில் கொட்டலசு என்னும் ஓட்டு உயிரிகள் பற்றாமலிருக்கப் பூசப்பட்ட வண்ணப்பூச்சில் அது கலந்திருந்தது. பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பிகளின் ஓடுகள் உருக்குலைந்து தடித்தன, இளஞ்சிப்பிகள் தோன்றி வளரவில்லை. வேறு கரைகளில் பெண் கடல் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு வளர்ந்தது. லிட்டருக்கு 1 நானோகிராம், அதாவது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு, அளவிலேயே நத்தைகளிடம் இந்த மாற்றம் தொடங்கிவிடுகிறது. வழக்கமான நீர்ச் சோதனைப் பட்டியலில் அந்தப் பெயரே இல்லாத காலத்தில், நத்தைகள் தம் உடலில் அதை எழுதிக் காட்டின. பிரான்சு 1982-இல் சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்தது. உலகளாவிய தடை நடைமுறைக்கு வந்தது 2008-இல்தான்.

இதற்கு மாறாக, நல்ல செய்தியும் ஒன்றுண்டு. அமெரிக்காவின் டம்பா விரிகுடாவில் கழிவுநீரின் நைட்ரஜனைக் குறைத்ததன் பயனாக நீர் தெளிந்து, கடற்புல் மெல்ல மெல்லப் பரவி, 2014-ஆம் ஆண்டளவில் 1950-களில் இருந்த பரப்பை எட்டியது. அத்தோடு நிறுத்தியிருந்தால் வெற்றிக்கதையாகவே முடிந்திருக்கும். ஆனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் வான்வழிக் கணக்கெடுப்பை அவர்கள் நிறுத்தவில்லை. அதனால்தான் 2016-க்குப் பின் கடற்புல் மறுபடியும் சுருங்கத் தொடங்கியது உடனே தெரியவந்தது.

நீண்ட காலம் அளப்பதற்குப் பணமும் பொறுமையும் வேண்டும் என்பதையும், புதிய கண்டுபிடிப்புக்குக் கிடைக்கும் நிதி பழைய அளவையே மீண்டும் அளப்பதற்குக் கிடைப்பதில்லை என்பதையும் நான் அறியாதவன் அல்லன். ஒரே நாள் மாதிரி மட்டுமே கைவசம் இருந்தால் அதையும் வெளியிடலாம், தவறில்லை. ஆனால் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில், மாதிரி எடுத்த மணி, ஆழம், அப்போதைய நீரின் வெப்பமும் உப்புத்தன்மையும், ஓதத்தின் ஏற்ற வற்ற நிலை, அதற்கு முந்தைய நாட்களில் மழை பெய்ததா என்ற குறிப்பு ஆகியவை இருந்தாக வேண்டும். கட்டுரையாளரிடம் இவ்விவரங்கள் இருக்கும் என்றே நம்புகிறேன். மதிப்பெண்ணாகத் திரட்டுவதற்கு முந்தைய அளவுகளோடு சேர்த்து, அடுத்த இதழில் அவற்றை வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஆக்சிஜன் அளவைப் பொறுத்தவரை, அது கருவியில் அங்கேயே படிக்கப்பட்டதா, அல்லது புட்டியில் அடைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டதா என்பதையும் அவர் தெரிவித்தால் நன்று; அந்த இடத்திலேயே மருந்து சேர்த்து நிலைப்படுத்தாத புட்டிக்குள், வழிநெடுகச் சுவாசம் நடந்துகொண்டேதான் இருக்கும்.

இப்படிக்கு,
நீர்ப் பகுப்பாய்வு ஆய்வகமொன்றில் பணியாற்றி ஓய்வுபெற்ற வாசகர்