ஒரே கல்லூரியை நம்பலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் ‘முன்கூட்டிய முடிவு’ முறையில் ஆகஸ்ட் 1-க்குள் ஒரே கல்லூரிக்கு மட்டும் விண்ணப்பிக்க வேண்டும். அக்டோபர் 1-க்குள் பதில் வரும். இடம் கிடைத்தால் அங்கேதான் சேர வேண்டும். அதில் எனக்கு வருத்தமில்லை. கிடைக்காவிட்டால்? அதற்குள் பல கல்லூரிகள் நேர்காணலையே தொடங்கியிருக்கும். நாம் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும்.

என் மகள், கனவுக் கல்லூரியின் பெயரை நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி வைத்திருப்பவள். நேற்றிரவு அந்தப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்பா, இருபது கல்லூரிகளுக்கும் போட்டுவிடுகிறேன்” என்றாள். பிடிவாதக்காரி (அம்மாவைப் போல). இறங்கிவருவாள் என்று நான் நினைக்கவே இல்லை.

உங்கள் கல்விப் பக்கத்தில் இந்த இரண்டு மாத இழப்பையும் எழுதுங்கள்.

– ஒரு தகப்பன், அமெரிக்கா